தடைக்காலம் 61 நாள், கையில் ஏழு ஃபவுண்டேஷன் நாவல்கள்: எதிலிருந்து தொடங்குவது?

தங்கச்சிமடம்_டிரைவர் (ஏப்ரல் 11)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் தங்கச்சிமடம், விசைப்படகில் டிரைவராக இருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் படகை ஓட்டிப்போகிறவரைத்தான் டிரைவர் என்போம். 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மராமத்து, பெயின்ட், இஞ்சின் வேலை எல்லாம் பகலில் நடக்கும், சாயங்காலம் ஆனால் வேலை இல்லை. இந்த முறை அந்த நேரத்தில் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

காரணம் என் தாய்மாமா. சரக்குக் கப்பலில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், போன வருடம் தவறிவிட்டார். அத்தை அவருடைய தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்து, உனக்குத்தான் படிக்கிற பழக்கம் இருக்கிறது, நீயே வைத்துக்கொள் என்றது. திறந்து பார்த்தால் ஐசக் அசிமோவ் எழுதிய ஃபவுண்டேஷன் வரிசை அறிவியல் புனைவு நாவல்கள் ஏழும் இருக்கின்றன. உப்புக்காற்றில் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மற்றபடி நல்ல நிலைதான். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் வாங்கிய துறைமுகத்தின் பெயரை பென்சிலால் எழுதியிருக்கிறார். சிங்கப்பூர், டர்பன், கொழும்பு என்று இருக்கிறதே தவிர தேதி கிடையாது, அதனால் அவர் எந்த வரிசையில் படித்தார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. அது தெரிந்திருந்தால் இங்கே வந்து கேட்டிருக்கவே மாட்டேன்.

நூல்களுக்குள் அச்சிட்டிருக்கிற வருடத்தைப் பார்த்து அடுக்கினேன். 'ஃபவுண்டேஷன்' 1951, 'ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்' 1952, 'செகண்ட் ஃபவுண்டேஷன்' 1953, அப்புறம் ஒரு பெரிய இடைவெளி விட்டு 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்' 1982, 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' 1986, 'ப்ரீலூட் டு ஃபவுண்டேஷன்' 1988, 'ஃபார்வர்ட் த ஃபவுண்டேஷன்' 1993. சரி, இப்படியே படித்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் ப்ரீலூட் நாவலின் தொடக்கத்தில் ஆசிரியர் குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. அதில் அவரே 14 நூல்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். முதலில் ரோபோ கதைகள், பிறகு ரோபோ நாவல்கள், பிறகு பேரரசு நாவல்கள் என்று எட்டு நூல்கள், ஒன்பதாவதுதான் ப்ரீலூட், பத்தாவதாக 1951 நாவல். அந்த எட்டில் ஒன்றுகூட பெட்டியில் இல்லை.

இதில்தான் நிற்கிறேன். எழுதியவரே ஒரு வரிசை கொடுத்த பிறகு அதை மீறலாமா? முதல் எட்டு இல்லாமல் மற்றவை புரியுமா? ஃபோனில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், இரண்டு இடத்தில் கதையையே உடைத்துவிடப் பார்த்தார்கள், உடனே மூடிவிட்டேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். ஆங்கிலம் படிப்பேன், மெதுவாகத்தான். அகராதி பார்த்துப் படித்தால் ஒரு நாளைக்குப் பத்து பன்னிரண்டு பக்கம் போகும். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். முக்கியமாக, கதையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள்.

---

கீழக்கரை_மாலுமி (ஏப்ரல் 11)

தம்பி, நானும் கப்பல்காரன்தான். வாட்ச் (கப்பலில் முறை வேலை) முடிந்து தூக்கம் வராத ராத்திரிகளில் இந்த நாவல்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், அதனால் உங்கள் மாமாவை எனக்குத் தெரிந்த ஆள் மாதிரியே இருக்கிறது.

நீங்கள் வருடம் பார்த்து அடுக்கினீர்களே, அந்த வரிசைதான் சரி. அப்படியே படியுங்கள். ஆசிரியர் குறிப்பில் இருப்பது கதைக்குள் காலம் ஓடுகிற வரிசை, அவர் எழுதிய வரிசை வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிய வேண்டுமென்றால் இந்த நாவல்கள் எப்படி உருவாயின என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், இதில் கதை எதுவும் உடையாது.

1941 ஆகஸ்டில் அசிமோவுக்கு வயது 21. வேதியியல் படித்துக்கொண்டிருந்தார், பத்திரிகைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார். 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்ற பத்திரிகையின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லைப் பார்க்கப் போகிற வழியில், ரோமப் பேரரசு சரிந்த மாதிரி ஒரு விண்மீன் மண்டலப் பேரரசு சரிகிற கதையை எழுதலாம் என்று தோன்றியிருக்கிறது. முதல் கதை 1942 மே இதழில் வந்தது, இரண்டாவது அடுத்த மாதமே வந்தது. அப்படியே 1950 ஜனவரி வரை எட்டுக் கதைகள். அந்த எட்டையும்தான் பிறகு மூன்று நூல்களாகச் சேர்த்தார்கள். 1951-இல் முதல் நூல் வரும்போது தொடக்கத்துக்கு என்று புதிதாக ஒரு பகுதி எழுதிச் சேர்த்தார். எண்ணிப் பாருங்கள், முதல் நூலில் ஐந்து பகுதி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் இரண்டு, மொத்தம் ஒன்பது வரும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், முதல் நூலை ஒரே நாவல் என்று நினைத்து எடுத்தவர்கள் பாதியில் வைத்துவிடுவார்கள். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது பல பத்தாண்டுகள் ஓடிப்போயிருக்கும். முந்தின பகுதியில் நமக்குப் பிடித்துப்போன ஆள் அடுத்த பகுதியில் ஒரு பழைய பெயராக மட்டும் இருப்பார். என்னடா இது, அந்த ஆள் எங்கே என்று எரிச்சல் வரும். வரட்டும். ஒரு ஊரின் கதையை நான்கைந்து தலைமுறைப் பெரியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சொல்வதாக நினைத்துக்கொண்டு படியுங்கள், பகுதிக்குப் பகுதி ஒரு நாள் இடைவெளி விடுங்கள். மெதுவாகப் படிக்கிறவருக்கு இந்த அமைப்பு நன்றாகவே ஒத்துவரும்.

அத்தியாயத் தலைப்புக்குக் கீழே கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்த குறிப்பு மாதிரி சில வரிகள் இருக்கும். அகராதி பார்த்து அலுத்துப்போய் அதைத் தாண்டிவிடாதீர்கள். முதல் பக்கத்திலேயே, அந்தக் களஞ்சியத்தின் 116-ஆம் பதிப்பு ஃபவுண்டேஷன் சகாப்தம் 1020-ஆம் ஆண்டில் வெளியானது என்று அடியில் ஒரு குறிப்பு வரும். முதல் பகுதியை முடித்துவிட்டுத் திரும்பி வந்து அந்த ஆண்டைப் பாருங்கள். எனக்கு இரண்டாவது முறை படிக்கும்போதுதான் அது உறைத்தது.

மூன்றும் முடிந்தால் 1982-ம் 1986-ம். இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதி, அதே ஆட்கள், அதனால் நடுவில் வேறு எதையும் நுழைக்காமல் அடுத்தடுத்துப் படித்தால் நல்லது. 1953-க்குப் பிறகு இந்தத் தொடரில் அவர் நாவல் எழுதவே இல்லை. பதிப்பகத்தார் நெருக்கித்தான் ஏறக்குறைய முப்பது வருடம் கழித்துத் திரும்ப வந்தார். அதனால் நடையே மாறியிருக்கும், நூல்களும் தடிமனாக இருக்கும், பேச்சு அதிகமாக இருக்கும். கடைசியாக ப்ரீலூட், அதற்கும் கடைசியாக ஃபார்வர்ட்.

அந்த ஃபார்வர்டை மட்டும் யார் என்ன சொன்னாலும் முன்னால் கொண்டுவந்துவிடாதீர்கள். அசிமோவ் 1992 ஏப்ரலில் இறந்தார், நூல் வெளிவந்தது 1993-இல். ஒரு மனிதர் வயதாகி, கூட இருந்தவர்களை ஒவ்வொருவராக இழந்து, கையில் எடுத்த வேலையை முடித்துவிட வேண்டும் என்று பாடுபடுகிற கதை அது. எழுதியவரும் அப்போது அந்த நிலையில்தான் இருந்தார். மற்ற ஆறையும் படித்துவிட்டு அதற்கு வந்தால்தான் அதன் கனம் தெரியும். நான் அதை முடித்தபோது கப்பல் செங்கடலில் இருந்தது, விடியும் வரை மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

---

தொண்டி_வாசகி (ஏப்ரல் 12)

மாலுமி காக்கா (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) சொன்ன வரிசையைத்தான் நிறைய பேர் சொல்வார்கள் என்று தெரியும். எனக்கு நடந்தது வேறு, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் வகுப்பில் 1951 நாவலை எடுத்தேன், மூன்றாம் பகுதியோடு விட்டுவிட்டேன். யாரையும் பிடித்துக்கொண்டு போக முடியவில்லை. ஆண்கள் ஒரு அறையில் உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டு அரசியல் பேசுகிறார்கள், பகுதி முடிகிறது, அடுத்து வேறு ஆண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த நூலில் பெண் என்று வாய் திறந்து பேசுகிற ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. 1952 நாவலில் பேய்ட்டா வந்த பிறகுதான் கதைக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்ற உணர்வே வரும், 1953-இல் வருகிற 14 வயது ஆர்கடியைப் படிக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அது வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டுமே.

கல்லூரிக்கு வந்த பிறகு ப்ரீலூட் கிடைத்தது. மக்கள் கூட்டத்தின் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டு முன்கூட்டிச் சொல்லப் பார்க்கிற கணித மேதை ஹாரி செல்டன்தான் இந்தத் தொடரின் மையம், அதில் அவருக்கு 32 வயது. கணித மாநாட்டுக்காகத் தலைநகரான ட்ரான்டருக்கு வருகிறார், ஒரு கட்டுரை வாசிக்கிறார், அதற்கே பேரரசர் கூப்பிட்டு அனுப்புகிறார், அதன் பிறகு ஓட்டம்தான். ஒரே ஆள், ஒரே கதை. கூடவே டோர்ஸ் என்று ஒரு வரலாற்றாசிரியை, நல்ல துணிச்சலான பெண். ட்ரான்டர் என்பது கிரகம் முழுக்க ஒரே ஊராகக் கட்டி மூடிய இடம், அதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சாப்பாடு, ஒரு பேச்சு, ஒரு பழக்கம் என்று போகப் போகப் பார்த்துக்கொண்டே போகலாம். ஒரு வாரத்தில் முடித்தேன்.

அப்புறம் 1951 நாவலைத் திரும்ப எடுத்தேன். அதில் ஒரு இடத்தில், செல்டன் இறந்து வெகுகாலம் ஆன பிறகு, முன்பே பதிவு செய்து வைத்த உருவமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தோன்றிப் பேசுவார். (இது முதல் நூலின் முதல் பாதியிலேயே வந்துவிடும் அண்ணா, இதற்கு மேல் சொல்லவில்லை.) முதல் முறை படித்தபோது எனக்கு அவர் யாரோ ஒரு கிழவர். இரண்டாம் முறை, ட்ரான்டரில் பயந்து பயந்து ஓடிய அந்த இளைஞர்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததால் அழுதுவிட்டேன். அந்த உணர்வு எனக்குக் கிடைத்ததே ப்ரீலூட்டை முதலில் படித்ததால்தான். ஆங்கிலமும் அதில் எளிதாக இருக்கிறது. இரண்டு வழியும் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

---

தங்கச்சிமடம்_டிரைவர் (ஏப்ரல் 12)

காக்காவுக்கும் தங்கச்சிக்கும் ரொம்ப நன்றி. ஆனால் இப்போது முன்னைவிடக் குழம்பிவிட்டேன். காக்கா சொல்வதும் நியாயமாக இருக்கிறது, தங்கச்சி அழுததாகச் சொல்வதும் மனதைப் பிடிக்கிறது. அப்புறம் அந்த எட்டு நூல் பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

மண்டபம்_டீச்சர் (ஏப்ரல் 13)

தம்பி, ஆசிரியர் குறிப்பை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். நூல்களை எந்த வரிசையில் படிக்க வேண்டுமோ அந்த வரிசையில் அவை எழுதப்படவில்லை என்று சொல்கிற இடத்தில், அடைப்புக்குறிக்குள் 'ஒருவேளை' என்று பொருள்படும் ஒரு சொல்லைப் போட்டிருப்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே நீங்கள் அந்தப் பட்டியலை மீறலாம். அவருக்கே முழு உறுதி இல்லை. 1941-இல் முதல் கதையை எழுதும்போது இவ்வளவு பெரிய தொடர் வரும் என்று அவர் நினைத்திருக்கவும் இல்லை, ரோபோ கதைகளை அப்போது தனியாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டது எண்பதுகளில்தான்.

அதனால் எட்டு நூல் பற்றிய பதில் இதுதான்: முதல் மூன்று நாவல்களுக்கு அந்த எட்டில் ஒன்றுகூடத் தேவையில்லை. அந்த மூன்றின் கதையில் ரோபோக்களுக்கு வேலையே கிடையாது. பேரரசு நாவல்கள் மூன்றையும் கடைசி வரை படிக்காமல் விட்டாலும் எதுவும் கெட்டுப்போகாது. ரோபோ நாவல்கள் விஷயம் வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தொண்டி வாசகி சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். முதல் நூலில் பெண்கள் இல்லாதது உண்மையான குறை, வகுப்பில் இந்த நூலைப் பற்றிப் பேசினால் பெண் பிள்ளைகள் முதலில் கேட்பதே அதைத்தான். ஆனால் அந்தச் சக்கர நாற்காலிக் காட்சியில் எனக்கு வேறு கருத்து. அந்தக் காட்சியில் கூடியிருக்கிறவர்கள் யாரும் செல்டனை நேரில் பார்த்தவர்கள் இல்லை. அவர்களுக்கு அவர் ஒரு பெயர், ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். அவர் என்ன சொல்லப்போகிறார், சொன்னது பலிக்குமா, அந்தக் கணக்கு உண்மையா பொய்யா என்று எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். படிக்கிற நாமும் அவர்களோடு சேர்ந்து அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் காட்சி அப்படி எழுதப்பட்டிருக்கிறது. செல்டனை முன்பே தெரிந்தவராக நாம் போனால் அவர்களைவிட்டு விலகிவிடுகிறோம். அவர் அன்னியராக இருக்க வேண்டும், முதல் தடவையாவது. தெரிந்துகொண்டு அழுவதற்கு இரண்டாம் தடவை இருக்கவே இருக்கிறது, வாசகிக்கும் அந்த அழுகை இரண்டாம் தடவையில்தானே வந்தது!

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. ப்ரீலூட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு உண்மை வெளிவரும். அதே உண்மைக்குத்தான் 1982, 1986 நாவல்கள் இரண்டும் சேர்ந்து, கிரகம் கிரகமாகத் தேடி, கடைசி அத்தியாயத்தில் போய்ச் சேரும். ப்ரீலூட்டை முதலில் படித்தவருக்கு அந்த நீண்ட பயணத்தின் முடிவு கிளம்பும்போதே தெரிந்துவிடும். இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் தப்பு, நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் நாள் கணக்கைப் பார்ப்போம். நாளைக்கு 12 பக்கம் என்றால் 61 நாளில் 732 பக்கம். பழைய மூன்றும் பெரும்பாலான பதிப்புகளில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 240, 250 பக்கம்தான். தடைக்காலத்துக்குச் சரியாக மூன்று நாவல். ஜூனில் கடலுக்குப் போகும்போது ஒரு முழுக் கதையை முடித்துவிட்ட நிறைவு இருக்கும். 1966-இல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த தொடர் என்று ஹ்யூகோ விருது கொடுத்தார்களே, அது இந்த மூன்றுக்கு மட்டும்தான், அப்போது மற்றவை எழுதப்படவே இல்லை. அங்கேயே நிறுத்திவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை.

படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாலுமி சொன்ன ரோமப் பேரரசு நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. வைகை கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறதே, அங்கே அகழாய்வில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு பேரரசு செழிப்பாக இருந்தபோது அதன் காசு இந்தக் கரை வரை வந்திருக்கிறது, அது தளர்ந்தபோது வருவது நின்றிருக்கிறது. நாவலில் ஃபவுண்டேஷன் அமைந்திருக்கிற டெர்மினஸ் என்ற கிரகம் விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில் கிடக்கும், உலோகம்கூட இல்லாத ஏழை இடம். மையத்தில் ட்ரான்டர், 4,000 கோடிப் பேர், அவர்களுக்குச் சாப்பாடு போட இருபது விவசாயக் கிரகங்கள். மையம் ஆடும்போது ஓரத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் முதல் நூல். கடற்கரை ஓரத்தில் இருக்கிற நமக்கு அது வேறு மாதிரிப் புரியும் என்று நினைக்கிறேன்.

ரோபோ நாவல்கள்: முதல் மூன்றை முடித்த பிறகு, 1982-க்குப் போவதற்கு முன்னால், 'த கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1954), 'த நேக்கட் சன்' (1957) இரண்டையும் படித்துவிட்டால் 1986 நாவலின் முடிவு பல மடங்கு பெரிதாக விழும். அதற்குப் பின் வந்த 'த ரோபோட்ஸ் ஆஃப் டான்', 'ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்' இரண்டும் கிடைத்தால் இன்னும் நல்லது, கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். முதல் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் மண்டபம் பக்கம் வரும்போது சொல்லுங்கள், தருகிறேன். இரண்டுமே கொலை வழக்கைத் துப்பறிகிற கதை, வேகமாகப் போகும். அதில் வருகிற துப்பறிவாளர் கூரை மூடிய நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர், திறந்த வானத்துக்குக் கீழே நிற்கவே அவருக்கு உடம்பு நடுங்கும். தனுஷ்கோடி முனையில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவருடைய அந்தப் பயம் முதலில் விசித்திரமாக இருக்கும், போகப் போக அவர்மேல் பாசம் வந்துவிடும்.

---

பாம்பன்_கேமரா (ஏப்ரல் 13)

2021-இல் ஆப்பிள் டிவி ப்ளஸில் வந்த ஃபவுண்டேஷன் சீரிஸை முதலில் பார்த்துவிட்டுப் படித்தால் ஆங்கிலம் எளிதாகிவிடாதா? எனக்கு அப்படித்தான் சில நாவல்கள் புரிந்தன.

---

கீழக்கரை_மாலுமி (ஏப்ரல் 13)

தம்பி, மற்ற நாவல்களுக்கு அது சரி, இதற்குச் சரிப்படாது. சீரிஸில் பாதிக்கு மேல் வேறு கதை. பேரரசரை நகல் எடுத்து நகல் எடுத்து ஆள வைக்கிறார்களே, அது நூலில் கிடையவே கிடையாது. நூலில் பல பத்தாண்டு இடைவெளியில் வருகிறவர்களை ஒரே காலத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள், சிலரை ஆணிலிருந்து பெண்ணாக மாற்றியிருக்கிறார்கள். தனிப் படைப்பாகப் பார்க்க எனக்குப் பிடித்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு 1951 நாவலைத் திறந்தால் தெரிந்த பெயரெல்லாம் தெரியாத ஆட்களாக இருப்பார்கள். மூன்று நூலும் முடிந்த பிறகு பாருங்கள்.

டீச்சர் சொன்ன 'ஒருவேளை' எனக்கு இத்தனை வருடத்தில் கண்ணில் படவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது.

---

தொண்டி_வாசகி (ஏப்ரல் 14)

டீச்சர், நீங்கள் சொன்ன அந்த முடிவு விஷயம் எனக்கு நிஜமாகவே நடந்தது. 1986 நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது எனக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை, அதனால் அந்த நாவலே சுமார் என்று நினைத்துவிட்டேன். அது நாவலின் தப்பு இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அண்ணா, நீங்கள் டீச்சர் சொன்னபடியே செய்யுங்கள். மூன்றாம் பகுதியில் அலுப்பு வந்தால் மட்டும் விட்டுவிடாமல் இங்கே வந்து சொல்லுங்கள்.

---

தங்கச்சிமடம்_டிரைவர் (மே 18)

படகு வேலையில் இந்தப் பக்கம் வரவே முடியவில்லை, எல்லோரும் மன்னிக்க வேண்டும். முதல் நாவல் முடிந்தது, இரண்டாவதில் பாதி தாண்டிவிட்டேன்.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. ட்ரான்டர் பகுதியில் ஒரு பக்கத்துக்கு எட்டு பத்து வார்த்தை அகராதியில் தேடினேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தேடிச் சொன்னாள், நாலு நாளில் அவளும் கதைக்குள் வந்துவிட்டாள். களஞ்சியக் குறிப்புகளை அவள்தான் சத்தமாக வாசிப்பாள், நான் கதையை வாசிப்பேன். காக்கா சொன்ன 1020-ஐ முதல் பகுதி முடிந்ததும் திரும்பிப் பார்த்தோம். பேரரசு சரிந்த பிறகு வரப்போகிற 30,000 வருட இருட்டை 1,000 வருடமாகக் குறைக்க வேண்டும் என்பதுதானே செல்டனின் திட்டம்? 1020 என்று கண்ட உடனே என் மகள்தான் கண்டுபிடித்து, அப்பா, அந்த ஆயிரம் முடிந்த பிறகும் யாரோ உட்கார்ந்து இதை அச்சடித்திருக்கிறார்கள் என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

செல்டனின் கணக்கு கூட்டத்துக்குத்தான் பொருந்தும், தனி ஆளுக்குப் பொருந்தாது என்று வருகிறதே, அந்த இடத்தில் எனக்கு அகராதியே தேவைப்படவில்லை. எந்த மீன் வலையின் மடியில் விழும் என்று எந்த டிரைவராலும் சொல்ல முடியாது. ஆனால் கச்சான் காற்று பிடித்தால் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும், எத்தனை பாகம் ஆழத்தில் கிடைக்கும் என்று பழகினவர் சொல்லிவிடுவார். மாமா இந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறார். ஏழு நூலிலும் புரட்டிப் பார்த்தேன், வேறு எங்கும் கோடு இல்லை.

சக்கர நாற்காலிக் காட்சி வந்தபோது டீச்சர் சொன்னது சரி என்று தோன்றியது. அந்த அறையில் நானும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி, மூன்றாம் பகுதியில் அலுப்பு வரவில்லை, நான்காவதில் கொஞ்சம் வந்தது, ஐந்தாவதுக்கு வந்த பிறகு போய்விட்டது. ப்ரீலூட் முடித்ததும் இந்தக் காட்சியைத் திரும்பப் படிப்பேன், சத்தியம்.

இப்போது இரண்டாவது நாவலின் இரண்டாம் பகுதியில் இருக்கிறேன். ம்யூல் என்று ஒருவன் கிளம்பியிருக்கிறான், அவனை யாரும் நேரில் பார்த்ததாகத் தெரியவில்லை, கணக்கெல்லாம் அவனிடம் தப்புகிறது. நேற்று ராத்திரி கரண்ட் போய்விட்டது, டார்ச் வைத்துப் படித்தேன். காலையில் படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போதும் அதே யோசனைதான். டீச்சர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் வருகிறேன், அந்த இரண்டு நூலையும் வாங்கிக்கொள்கிறேன்.

அது வரைக்கும் ஒரு வேண்டுகோள். அவன் யார் என்று இங்கே யாரும் எழுதிவிடாதீர்கள். நான் படகடியில் இருந்த நேரத்தில் என் மகள் முன்னால் போய்ப் படித்துவிட்டாள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவளிடமும் நான் கேட்கவில்லை.